கீமோவுக்கு நடுவே வீட்டுப்பள்ளி: பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, வேண்டாமா?

படகுமெக்கானிக்
24 மே 2025, இரவு 11:20

இந்தக் குழுவில் இதுவரை என் வீட்டுக்காரிதான் எழுதுவாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதோடு சரி. இன்றைக்கு அவள் தூங்கிய பிறகு அவள் போனில் எழுதுகிறேன்.

உச்சிப்புளி பக்கம் வீடு. மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை. மூன்று பிள்ளைகள்: மூத்தவளுக்குப் பன்னிரண்டு முடிந்து இரண்டு மாதம், நடுவுளவனுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஐந்து. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது, திறந்த பிறகும் அப்படியே தொடர்ந்துவிட்டது. அவள் கணக்கில் எம்.எஸ்சி., பி.எட். வேலைக்கென்று வெளியே போனதில்லை. எங்கள் வீட்டு நடுக்கூடம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

மார்ச்சில் இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் வைத்தியம். முதலில் கீமோ, கட்டி சுருங்கிய பின் ஆபரேஷன், அப்புறம் கரண்டு (கதிர்வீச்சு) என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் நான்கு தடவை சிவப்பு மருந்து, 21 நாளுக்கு ஒருமுறை. ஏப்ரல் 22, மே 13 முடிந்தது. ஜூன் 3, ஜூன் 24 பாக்கி. அதற்கு மேல் வேறு மருந்து, வாரா வாரம், பன்னிரண்டு தடவை.

என் பாடு என்னவென்றால், இது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஊருக்கெல்லாம் அது ஓய்வு, மெக்கானிக்குக்கு அதுதான் அறுவடை. வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட இன்ஜின் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் கரையில் பிரியும். விடியக் கிளம்பினால் இருட்டித்தான் வீடு.

முதல் கீமோ முடிந்த மூன்றாம் நாள் ஒரு சாமான் எடுக்க நடுப்பகலில் வீட்டுக்கு வந்தேன். பாடம் நடக்கிறது. கரும்பலகையில் பாதிக் கணக்கு எழுதியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கிறது. மூத்தவள் எழுந்து சாக்பீஸை எடுத்து மீதிக் கணக்கைப் போட்டாள். தம்பிகள் அசையவில்லை. இது பலமுறை நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரியே புத்தகம், நோட்டு, கரும்பலகை எல்லாவற்றையும் தூக்கிப் பரணில் போட்டேன். “நீ படு, நான் பார்த்துக்கிறேன்” என்றேன். ஒன்றும் சொல்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் என்ன பார்த்துக்கொண்டேன்? ஒரு மாதமாகப் பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள். ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்கிறது. மாமியார், என் அண்ணன், பக்கத்து வீடு, எல்லாரும் ஒரே குரலில் “சேர்த்து விடு” என்கிறார்கள். அவள் மட்டும் வேண்டாம் என்கிறாள், காரணம் சொல்லவில்லை. இந்த வழியில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தொண்டிச்செவிலி
25 மே 2025, காலை 6:05

தம்பி, பள்ளிக்கூடம் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். அதற்கு முன்னால் சில விஷயம். கீமோ வார்டில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மருந்து ஏறி ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளணு ரொம்ப இறங்கும். ஆள் பார்க்கத் தெளிவாக இருப்பார், வாந்தி நின்றிருக்கும், நாமும் அசந்துவிடுவோம். ஆபத்து அங்கேதான். டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. உங்கள் ஊரிலிருந்து மதுரை 130 கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரம் போய்த்தான் பார்ப்பேன் என்று நிற்காதீர்கள். அவசரத்துக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரலாமா என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அங்கே போனதும் வாயில் வரும் முதல் வார்த்தை “கீமோ ஓடுது” என்பதாக இருக்கட்டும். வரிசையில் நிற்க விடமாட்டார்கள்.

சிவப்பு மருந்து என்பதால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை. மூத்த பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கழிவறையில் பார்த்துப் பயந்துவிடும். இரண்டு நாளைக்கு வாந்தி பட்ட துணியைத் தனியாகத் துவைக்கலாம். மற்றபடி அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். இது ஒட்டுவாரொட்டி இல்லை. சில வீடுகளில் பிள்ளையைத் தள்ளியே வைத்துவிடுகிறார்கள்.

அம்மை போட்ட வீட்டுப் பக்கம் மட்டும் பிள்ளைகள் போகக் கூடாது. சின்னவனுக்குத் தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அம்மாவின் டாக்டரைக் கேட்ட பிறகு போடுங்கள்.

வெண்சுண்ணம்
25 மே 2025, காலை 9:40

முப்பத்து நான்கு வருஷம் அரசுத் தொடக்கப்பள்ளி, அதில் பதினோரு வருஷம் தலைமையாசிரியர். ஒளிக்காமல் சொல்கிறேன். சேருங்கள்.

காலையில் சாப்பாடு, மதியம் சாப்பாடு, இரண்டும் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும். அதாவது ஒன்பது வயதுப் பையனுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் நீங்கள் விடிகாலையில் அடுப்பு மூட்ட வேண்டாம். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை வீடு அமைதியாக இருக்கும். நோயாளிக்குத் தூக்கம் மருந்து. இந்தக் குழுவில் பள்ளிக்கூடம் என்றாலே ஜெயில் மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மூன்று வேளையும் சமைக்க வீட்டில் வேறு ஆள் இருக்கிறது.

ஜூன் 2 என்று மிரளாதீர்கள். அது கெடு இல்லை. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தப் பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். டி.சி. தாமதம் என்றோ, சேர்க்கைத் தேதி முடிந்துவிட்டது என்றோ திருப்பி அனுப்ப முடியாது. ஜூலையிலும் சேர்க்கலாம், அக்டோபரிலும் சேர்க்கலாம்.

மூத்த பெண் விஷயம் வேறு. அவளுக்கு 12½ வயது முடிந்துவிட்டால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது, அதற்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அவளை இப்போது அவசரப்பட்டு எங்கேயும் தள்ள வேண்டாம். ஆனால் கரும்பலகையில் மீதிக் கணக்கைப் போட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பன்னிரண்டு வயதில் அவள் ஆசிரியை, ஆயா, சமையல்காரி, நர்ஸ். இப்படி எத்தனை பெண்களை நான் பார்த்திருக்கிறேன் தெரியுமா?

இயற்கைவழி
25 மே 2025, காலை 11:15

[மட்டுறுத்துநர்: இந்தப் பதிவு நீக்கப்பட்டது. கீமோவை நிறுத்திவிட்டு இதைக் குடியுங்கள், அதைத் தின்னுங்கள் என்ற அறிவுரைக்கு இங்கே இடமில்லை. மூன்றாவது எச்சரிக்கை.]

சங்குவளை
25 மே 2025, மதியம் 2:30

தம்பி, நான் கீழக்கரை. உங்களுக்கு லாத்தா, அதாவது அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அவருக்கு நாக்கில் வந்தது. துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு, இனிமேல் பிள்ளைகளோடு இருக்கிறேன் என்று வந்த வருஷமே. நாக்கில் பாதியை எடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு அவர் பேசுவது எனக்கே புரியாது. எங்கள் மகன்கள் இருவரும் அப்போது வீட்டில்தான் படித்தார்கள். அதற்கு முன்னால் ராத்திரியில் கதை சொல்வது அவர் வேலை. நானும் உங்களை மாதிரிதான், “நீங்க சும்மா இருங்க, பேசினா வலிக்கும்” என்று பிள்ளைகளை அடுத்த அறைக்கு ஓட்டிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் சின்னவனின் சிலேட்டை எடுத்து “எனக்கு நாக்குதான் போச்சு” என்று எழுதி என் முன்னால் நீட்டினார்.

அதற்குப் பிறகு கதை சிலேட்டில் நடந்தது. ஒரு வரி எழுதுவார், பெரியவன் சத்தமாக வாசிப்பான், ஈரத் துணியால் துடைப்பார், அடுத்த வரி. அரசன் குதிரையில் ஏறினான் என்று எழுதிவிட்டு வேண்டுமென்றே நிறுத்தி டீ குடிப்பார். சின்னவனுக்கு அப்போது ஆறு வயது, எழுத்துக் கூட்டத் தெரியாது. அடுத்த வரியில் என்ன என்று அண்ணனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறியிலேயே இரண்டு மாதத்தில் வாசிக்கப் பழகிவிட்டான். நான் அதட்டி அதட்டி ஒரு வருஷமாக வராதது.

அவர் இப்போது இல்லை. நாலு வருஷம் ஆச்சு. அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை, அவருடைய நோய் வேறு, உங்கள் வீட்டு நோய் வேறு. நான் சொல்ல வந்தது, உங்கள் வீட்டுக்காரி எதற்குச் சுவர் பக்கம் திரும்பினார் என்பதைத்தான். நீங்கள் பாரத்தை இறக்கி வைத்ததாக நினைக்கிறீர்கள். அவர் வேலையிலிருந்து தூக்கிவிட்டதாக நினைக்கிறார். எதற்கும் அவரையே கேட்டுப் பாருங்கள்.

படகுமெக்கானிக்
28 மே 2025, இரவு 10:50

லாத்தா, கேட்டேன்.

முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: “முடி போச்சு, சாப்பாட்டு ருசி போச்சு, மாரும் போகப்போகுது. நான் டீச்சரா இருக்கறதையுமா நீங்க பரண்ல தூக்கி வைப்பீங்க?”

ஏணி போட்டு எல்லாவற்றையும் இறக்கினேன். கரும்பலகையை இறக்கும்போது ஒரு மூலை உடைந்துபோச்சு.

செவிலியக்கா எழுதிய ஏழு, பதினாலு கணக்கை அவளிடம் படித்துக் காட்டினேன். “அப்ப நமக்கு வாரம் ஏழு நாள் இல்ல, இருபத்தொண்ணு” என்றாள். மூத்தவள் உடனே ஐஸ் கம்பெனி காலண்டரைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். கீமோ நாளிலிருந்து ஆறு நாள் வத்தம். ஏழிலிருந்து பதினாலு கதவடைப்பு. பதினைந்திலிருந்து இருபத்தொன்று ஏத்தம். கடற்கரைப் பிள்ளை, கடல் வற்றுவதையும் ஏறுவதையும் விட்டு வேறு எப்படிப் பேர் வைக்கும்?

வத்தத்தில் அம்மாவுக்கு லீவு, நடுவுளவன் என்னோடு படகுத்துறைக்கு. கதவடைப்பில் யாரும் வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை, என் மாமியார் உள்பட. (இதை அவரிடம் சொன்ன அன்று நடந்த சண்டையைத் தனி இழையாக எழுதலாம்.) அப்போது அம்மா படுத்துக்கொண்டே அரை மணி நேரம் மட்டும், வாசிப்பு. புதுப் பாடம் எதுவானாலும் ஏத்தத்தில்தான், அம்மாதான்.

வெண்சுண்ணம் ஐயா, மூத்தவளைப் பற்றி நீங்கள் எழுதியது சுருக்கென்றது. பொய் சொல்ல முடியவில்லை. சமையலுக்கு என் அத்தை மகள் மதியம் வந்து போக ஒத்துக்கொண்டிருக்கிறது. இனிமேல் மூத்தவள் தம்பிகளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று அவள் அம்மா உத்தரவு போட்டுவிட்டாள். மூத்தவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடம் பற்றி இன்னும் முடிவில்லை. கெடு இல்லை என்று நீங்கள் சொன்னதில் பாதி மூச்சு வந்தது.

ரயிலடி
29 மே 2025, காலை 7:20

இரண்டு தகவல், இதில் பலர் ஏமாந்து போகிறார்கள். ஒன்று, புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போக வர ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். மதுரைக்கு பாசஞ்சரிலேயே போய்விடலாம், ஆனால் சென்னைக்கு அனுப்பினால் பெரிய உதவி.

இரண்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள்.

படகுமெக்கானிக்
22 ஜூன் 2025, மாலை 5:10

எழுதி நாளாச்சு. ஜூன் 3 மூன்றாவது கீமோ ஆனது. வாயெல்லாம் புண், நாலு நாள் பேசவே இல்லை. சங்குவளை லாத்தா சொன்ன சிலேட்டு ஞாபகம் வந்து வாங்கினேன். அதில் அவள் எழுதிய முதல் வரி: “கதவைச் சத்தமில்லாமல் சாத்தவும்.” எனக்குத்தான் அது.

இப்போது நான் ஒரு வாத்தியார் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. நடுவுளவனுக்குப் பின்னம் வராது. பாதி, கால் புரியும், அதற்கு மேல் போனால் அழுகை. படகுத்துறையில் ஒரு பழைய இன்ஜின் பிரித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் இஞ்சு போல்ட்டு. “பதினாறில் ஏழு ஸ்பேனர் எடு” என்றேன், பெட்டியைத் துழாவி எடுத்தான். போல்ட்டில் ஆடியது. “பெருசா இருக்கு, இதுக்கு அடுத்த சின்னது எது?” யோசித்தான். எட்டில் மூன்றை எடுத்து மாட்டினான், கச்சிதமாக உட்கார்ந்தது. மூணு சின்ன எண், எட்டு சின்ன எண், அப்போ ஏன் ஏழுக்குப் பக்கத்தில் இருக்கு என்று கேட்டான். எனக்குக் கைதான் சொல்லும், வாய்க்கு வராது. “ஏத்தத்தில் அம்மாவைக் கேள்” என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வியைச் சாக்பீஸால் கதவில் எழுதி வைத்திருக்கிறான்.

முடி முழுக்கப் போய்விட்டது. திட்டுத் திட்டாக இருந்தபோது கடைக்குட்டி அம்மாவைச் சூப்பின பனங்கொட்டை என்றான். மூத்தவள் மிச்சத்தையும் வழித்துவிட்ட பிறகு “இப்ப நுங்கு” என்கிறான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாய்ப்புண்ணோடு சிரித்தால் வலிக்கும் என்று அடிக்கிற மாதிரி கை ஓங்குகிறாள்.

பள்ளிக்கூட விஷயம். நாங்கள் முடிவெடுக்கவில்லை, நடுவுளவன் எடுத்தான். போன வாரம் சாப்பிடும்போது, “நான் ஸ்கூலுக்குப் போறேம்மா, அங்க கபடி இருக்கு” என்றான். அவள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. பையனுக்குக் காட்டவில்லை. “போ. ஆனா பின்னம் மட்டும் நான்தான்” என்றாள். 17-ஆம் தேதி ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தோம். ஐயா சொன்ன மாதிரியே, யாரும் டி.சி. கேட்டுத் திருப்பவில்லை.

தடைக்காலம் முடிந்து எங்கள் பக்கம் திங்கள், புதன், சனி படகு போகிறது. கீமோ செவ்வாய். படகு கரையில் நிற்கும் நாள் என்றால் மெக்கானிக்கைத் தேடும் நாள். மூன்று முதலாளிகள் திட்டுகிறார்கள், ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் டீசல் போட்டு வண்டி அனுப்புகிறார்.

வெண்சுண்ணம்
22 ஜூன் 2025, இரவு 8:00

கபடிதான் சரியான காரணம். சத்துணவைச் சொல்லி ஒரு பக்கம் எழுதினேன், எனக்குக் கபடி தோன்றவில்லை பாருங்கள். வகுப்பு டீச்சரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி வையுங்கள். பக்கத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மை எது வந்தாலும் அன்றைக்கே உங்களுக்குப் போன் வர வேண்டும்.

படகுமெக்கானிக்
20 ஜூலை 2025, காலை 5:30

போன் வரவில்லை, ஐயா. வேப்பிலைதான் சொன்னது.

நடுவுளவனின் வகுப்புத் தோழன் வீடு எங்கள் தெருக்கோடியில். சாயங்காலம் மூத்தவள் அந்த வழியாக வந்தபோது அவர்கள் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்ததாம். ஓடி வந்து சொன்னாள். விசாரித்தால், அம்மை போட்டு மூன்று நாள். எங்கள் ஊரில் அதை நோய் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள், அதுவும் கேட்டால்தான். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய.

வாராந்திர மருந்தில் முதலாவது 15-ஆம் தேதிதான் ஏறியது. செவிலியக்கா, பையனுக்கு இதுவரை அம்மை வந்ததில்லை. அவளுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறது. மதுரை டாக்டருக்கு ராத்திரியே போன் போட்டேன், காலையில் பேசுகிறேன் என்றிருக்கிறார். அதுவரை என்ன செய்வது?

தொண்டிச்செவிலி
20 ஜூலை 2025, காலை 5:50

பையனை இப்போதே தனி அறையில் வையுங்கள், சாப்பாடு அங்கேயே. கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே அது பரவும், அதனால் உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று நம்பாதீர்கள். பழகியதிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சின்ன வயதில் வந்திருப்பது உங்கள் மனைவிக்கு நல்லது, ஆனாலும் கீமோ நடக்கும்போது அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லலாம், மாத்திரை கொடுக்கலாம். அதை அவர் முடிவு செய்வார். பையனை வைத்துக்கொள்ள வேறு வீடு இருக்கிறதா?

படகுமெக்கானிக்
20 ஜூலை 2025, இரவு 9:15

டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், பையனைப் பிரித்து வைக்கச் சொன்னார். தேவிபட்டினத்தில் என் அம்மாவிடம் விட்டு வந்தேன். அவன் அழவில்லை. பஸ்ஸில் ஏறும்போது “பின்னம்?” என்று மட்டும் கேட்டான்.

படகுமெக்கானிக்
24 ஆகஸ்ட் 2025, மாலை 4:00

இது அவர் இல்லை, நான்தான். என் கணக்கு, என் போன். மூன்று மாதமாக இவர் என்னைப் பற்றி இங்கே எழுதியதையெல்லாம் இன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். பேரை வேறு மாற்றி வைத்திருக்கிறார். பல இடத்தில் மிகை. கரும்பலகையின் இரண்டு மூலை உடைந்தது, ஒன்று இல்லை.

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவராகச் சொல்ல விரல் ஒத்துழைக்கவில்லை. இந்த வாராந்திர மருந்தில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. ஆறு ஏறிவிட்டது, ஆறு பாக்கி, செப்டம்பர் 30 கடைசி.

அம்மை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பையன் 22 நாள் அப்பத்தா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினான். அந்த நாட்களில் தினமும் ராத்திரி போனில் பின்னம். எட்டில் மூன்றையும் பதினாறில் ஏழையும் ஒரே கோட்டில் வைக்கச் சொன்னேன். அப்பத்தா வீட்டுத் திண்ணையில் பதினாறு கட்டம் கரிக்கோட்டால் போட்டு, எட்டில் மூன்று என்பது பதினாறில் ஆறு என்று அவனே கண்டுபிடித்துக் கத்தினான். திண்ணையைக் கழுவியது அப்பத்தா. இவர் கையால் சொன்னது தப்பில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இவர் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். தேவிபட்டினத்தில் பொழுது போகாமல் பையன் கடலோரம் ஒரு பனைமட்டையை நட்டு, தினமும் தண்ணீர் உச்சிக்கு ஏறும் நேரத்தைக் குறித்தான். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட முக்கால் மணிக்கு மேல் பிந்துகிறது. ஏன் என்று போனில் கேட்டான். நான் படுத்துக்கொண்டே சிலேட்டில் போட்டேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29½ நாள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். 1,440-ஐ 29½ ஆல் வகுத்தால் 49 நிமிடம் கிட்ட வருகிறது. சரி, நிலா ஒரு நாளைக்கு அவ்வளவு பிந்துகிறது, கடலும் அதன் பின்னால் பிந்துகிறது என்றேன்.

பக்கத்தில் இருந்த மூத்தவள், “புத்தகத்துல 50-ன்னு போட்டிருக்கேம்மா” என்றாள். தோராயமாகப் போட்டிருப்பார்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ராத்திரி தூக்கம் வரவில்லை. மருந்து கொடுத்த நாளில் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பார்கள், விடிய விடியக் கண் கொட்டாது. இரண்டு மணிக்குப் பிடிபட்டது. 29½ நாளில் சூரியன் உச்சிக்கு 29½ தடவை வருகிறது, நிலா ஒரு தடவை குறைவாக, 28½ தடவைதான் வருகிறது. ஆக மொத்தமாகப் பிந்தும் ஒரு நாளை அந்த 28½ தடவைக்குத்தான் பங்கு போட வேண்டும். 1,440-ஐ 28½ ஆல் வகுத்தேன். 50½.

இவரை எழுப்பிச் சொன்னேன். “டாக்டருக்குப் போன் போடட்டுமா?” என்று பதறி எழுந்து உட்கார்ந்தார்.

வெண்சுண்ணம் சாருக்கு: நடுவுளவன் மறுபடி பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பு டீச்சர் இப்போது தினமும் வருகைப் பதிவு முடிந்ததும் இவருக்கு ஒரு வரி அனுப்புகிறார், இன்று யாருக்கும் ஒன்றுமில்லை என்று. கடைக்குட்டி வீட்டில்தான். மூத்தவள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதத் தயாராகிறாள். ஆபரேஷன் அக்டோபரில் இருக்கும் என்கிறார்கள். இடது பக்கம்தான், எழுதும் கை தப்பியது.

சங்குவளை லாத்தாவிடம் ஒரு கேள்வி. இவர் வாங்கி வந்த சிலேட்டு பிளாஸ்டிக் சட்டம் போட்டது. விரல் மரத்திருப்பதால் குச்சி வழுக்கிக்கொண்டே போகிறது, எழுத்து நிற்கவில்லை. உங்கள் வீட்டில் எந்தச் சிலேட்டு?

சங்குவளை
24 ஆகஸ்ட் 2025, இரவு 7:45

கல் சிலேட்டு, மரச்சட்டம் போட்டது. பிளாஸ்டிக்கில் குச்சி பிடிக்காது, நாங்களும் முதலில் அதை வாங்கித்தான் ஏமாந்தோம். குச்சியைக் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைத்து எழுதுங்கள், கீச்சிடாமல் அழுத்தமாக விழும். குச்சியில் பழைய துணியை இரண்டு சுற்றுச் சுற்றி நூலால் கட்டிவிட்டால் மரத்த விரலுக்கும் பிடி கிடைக்கும். கீழக்கரையில் பழைய பாத்திரக்கடைகளில் இன்னும் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை நீங்கள் மதுரை போகும் வண்டி ராமநாதபுரத்தில் நிற்கும்போது என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். எந்தப் பெட்டியில் இருப்பீர்கள்?